கடை சாத்தும் குழல்

என் மருமகளைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே நான் சொன்னேன், பெண் நல்ல பெண்தான், உயரம்தான் அதிகம் என்று. மகன் கேட்கவில்லை, கட்டிக்கொண்டான். அவளுக்கு ஏணி என்று பேர் வைத்தது என் தம்பி. இப்போது அவளே போனை எடுத்தால் "ஏணி பேசறேன்" என்கிறாள்.

ஏணிக்கு எடை அளவுத் துறையில் வேலை. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவாள். ஆஸ்பத்திரியில் என் பேத்தியை எடை போட்டபோது, பெற்றுப் போட்ட கையோடு தலையைத் தூக்கி, அந்த மெஷினுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்த்தவள்.

அப்படி இருக்கையில் அரசாங்கம் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியது. முன்பெல்லாம் முழுத் துப்பாக்கிக்கு மட்டும் எண் இருந்தால் போதும். இனி குழல், விசை, உடைந்த துண்டு, எதுவானாலும் எண் வேண்டும். கடை சாத்துமுன் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இதையெல்லாம் போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே. புதிதாக எடுக்க நாளாகும் என்று, தராசு பார்த்தவர்களையே துப்பாக்கி பார்க்க அனுப்பினார்கள். ஏணி போன முதல் கடையில் பழக்கதோஷத்தில் துப்பாக்கியை எடை போட்டுப் பார்த்திருக்கிறாள். சரியாகத்தான் இருந்ததாம்.

அவள் பார்க்க வேண்டிய கடைகளில் என் தம்பியின் கடையும் ஒன்று. துப்பாக்கி பழுது பார்க்கிற கடை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. உரிமம் போனால் சும்மா உட்காருவான். உட்கார்ந்தால் என் வீட்டில்தான் உட்காருவான்.

"வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன்" என்றேன்.

"கேட்டுட்டேன் அத்தை. ஆள் இல்லையாம்."

"அப்ப கொஞ்சம் பாத்துப் பண்ணு."

"பாக்கறதுதான் என் வேலையே."

தம்பிக்கு வாய் நீளம் என்பதால் நானும் கூடப் போனேன். அவன் சகலத்துக்கும் எண் குத்தி வைத்திருந்தான். டீ கிளாஸை மட்டும்தான் விட்டிருந்தான். ஏணி ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். பொழுது சாய்ந்தபோது, "எல்லாம் சரியா இருக்கு மாமா" என்றாள்.

"இருக்காதா பின்ன! யார் கடை!"

அந்தப் பெருமையோடு எங்களை வெளியே விட்டு, மூலையில் இருந்த கம்பியை எடுத்து வந்து, அதன் நுனிக் கொக்கியை ஷட்டரில் மாட்டி இழுத்தான். ஷட்டர் பாதியில் நின்றது.

"மாமா, அது என்ன?"

"ஷட்டர் இழுக்கற கம்பி."

"நடுவுல ஓட்டை இருக்கே."

தம்பி கம்பியைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தான். ஏணி பார்த்தாள். நானும் பார்த்தேன். எதிர்ச் சாரித் தையல் கடை நன்றாகத் தெரிந்தது.

துப்பாக்கிக் குழல். தொழில் பழகும்போது அவன் தன் கையால் கெடுத்த முதல் குழல் அது. கொக்கி வைத்த நாளிலிருந்து அவனுக்கு அது கம்பி. எண் குத்தத் தோன்றவே இல்லை.

ஏணி பையிலிருந்து ஈயமுத்திரையை எடுத்துக் குழலில் கட்டினாள். உரிமத்தை நிறுத்தி வைத்தாள்.

"நீயெல்லாம் ஒரு சொந்தக்காரியா?"

"சொந்தக்காரியா வந்திருந்தா வெறுங்கையோட வந்திருக்க மாட்டேன் மாமா."

நான் பயந்தபடியே தம்பி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவள் வேலை முடிந்து வரும் சத்தம் கேட்டால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். "ஒரு ஓட்டைக் கம்பிக்கா இவ்வளவு?" என்று அவனுக்காக நான் சண்டை போட்டேன்.

"சுடறதெல்லாம் ஓட்டைக் கம்பிதான் அத்தை" என்றாள்.

பிறகு தம்பியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"இது எதுக்கு?" என்றார் பெரிய அதிகாரி.

"கடை சாத்த."

"திறக்க?"

"அதுக்குக் கை போதும் சார். தள்ளிவிட்டா தானா மேல போயிடும்."

குழலை ஒப்படைத்துவிடு, இல்லையென்றால் எண் குத்தித் தினமும் பெட்டியில் பூட்டு என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒப்படைத்திருப்பார்கள். இவன் என் தம்பி. எண் குத்தினான். உரிமம் திரும்பி வந்தது.

கடை திறந்த அன்று மாலைதான் விஷயம் புரிந்தது. கம்பியைப் பெட்டியில் பூட்டிய பிறகுதான் கடை சாத்தலாம், ஷட்டரைப் பாதி இறக்கினாலும் சாத்தின கணக்குதான். பெட்டி கடைக்குள். ஷட்டரோ கைக்கு எட்டாத உச்சியில். முக்காலி போட்டு ஏறி இழுத்தான். கடை சாத்தியாயிற்று, முக்காலி தெருவில் நின்றது. காலையில் அதைக் காணோம்.

"வேற கம்பி வாங்கேன்டா."

"என்கிட்ட கம்பி இருக்கு அக்கா. கவர்மென்ட் நம்பர் போட்ட கம்பி."

மறுநாள் மாலை, புத்தி சொல்லலாம் என்று நான் கடைக்குப் போனேன். தம்பி தெருவில் நின்று ஷட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏணி ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையைத் தூக்கி ஷட்டர் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"இதெல்லாம் சட்டத்துல இருக்கா அக்கா?" என்றான் தம்பி, என்னைப் பார்த்து.

"கூடாதுன்னு எங்கயும் போடல அத்தை" என்றாள் அவளும், என்னைப் பார்த்து.

இப்போது தினமும் கடைப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கடையைச் சாத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். அவன் இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவள் பஸ் தாமதமானால் எனக்குப் போன் பண்ணி, "எங்க இருக்காளாம்?" என்று கேட்கிறான்.

உயரம் அதிகம் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. அதிகம்தான்.