முடிவு பார்க்காத படம்

அந்தப் படத்தை யாராவது டிவியில் வைத்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அழுகை வரும் என்பதால் இல்லை, எரிச்சல் வரும். நட்பா காதலா என்று இரண்டு பேர் படம் முழுக்க இழுத்தடிப்பதைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. நானே அதை வருஷக்கணக்கில் இழுத்தவள்.

தொண்ணூறுகளின் கடைசி. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். அவனும் எங்கள் ஊர்தான், பின் தெரு. ஒரே பஸ், ஒரே கிளாஸ். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பாவுக்கு நிலத்தில் விளைந்த மல்லாட்டை விலையை விட்டால் வேறு பேச்சு வராது. வீட்டில் பேச முடியாததையெல்லாம் அவனிடம் பேசித் தீர்த்தேன். அவனுக்குப் பேச்சு கம்மி. கேட்டுக்கொண்டே வருவான், திடீரென்று ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பான். அவன் வராத நாளில் கிளாஸில் எனக்கு எதுவும் ஏறாது. ஃப்ரெண்ட் என்ற வார்த்தை அப்போது தாராளமாகப் புழங்கியது. எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டு மூடலாம். நானும் மூடிவைத்திருந்தேன்.

படத்துக்குக் கூப்பிட்டது அவன்தான். ஆண்கள் கவுன்ட்டரில் சட்டை கிழிகிற கூட்டம். பெண்கள் கவுன்ட்டர் காலி. நானே போய் இரண்டு டிக்கெட்டும் வாங்கிவந்தேன். "இதுக்குத்தான் என்னக் கூட்டினு வந்தியா?" என்று கிண்டல் செய்தேன். பால்கனியில் எங்களுக்கு நடுவே ஒரு சீட்டை விட்டு, அதில் என் டிபன் பையை வைத்தோம்.

ஒரே ஆபீஸில் வேலை செய்யும் இரண்டு நண்பர்களின் கதை. அவளுக்கு வரன் பார்க்க அவனே அலைகிறான். ஊருக்கே தெரிவது அவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. கீழேயிருந்து ஒருத்தன் "சொல்லித் தொலைடா!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. இவன் சிரிக்கவில்லை. அவள் மணமேடையில் உட்காருகிறாள், அவன் பந்தி விசாரித்துக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் இவன் எழுந்தான்.

"பஸ் போயிடும். கெளம்பலாம்."

அந்த பஸ்ஸை விட்டால் வீட்டில் பதில் சொல்லி மாளாது. முடிவு பார்க்காமலே ஓடினோம்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவன் பக்கத்தில் நின்றான். மலை பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"கடசில என்னா ஆயிருக்கும்?"

"என்னா ஆவும்? மாப்ள தாலி கட்டிருப்பான்."

"அந்தப் பொண்ணு சொல்லிடும்னு நெனைக்கறேன். பையன் சொல்ல மாட்டான், பயந்தாங்கொள்ளி. அதுதான் சொல்லணும்." இன்னும் குனிந்தான். "நீயா இருந்தா சொல்லுவியா?"

வாயைத் திறந்தேன். முன் சீட்டிலிருந்து எங்கள் தெரு அக்கா திரும்பிப் பார்த்தாள். அவனை மேலும் கீழும் அளந்தாள்.

"யாருமா இது உனக்கு?"

"அண்ணன் மாதிரிங்க்கா," என்றேன்.

அந்த வயதில் எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். கூட ஒரு பையன் நின்றால் எங்களுக்கு இருந்த ஒரே குடை அந்த வார்த்தைதான். அக்கா அதை அன்றைக்கே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். அதன்பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் அவனை "வாங்கண்ணா" என்று வரவேற்கலாம்.

எனக்கு வரன் பார்க்கும்போது அம்மா ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள்: "வழி பாத்தா அவன் நமக்கு மாமன் முற வரான்டி. குடுத்துருக்கலாம். ஆனா வாயால அண்ணன்னு கூப்ட்டாச்சே. கூப்ட்டது கூப்ட்டதுதான்."

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வடித்து முடித்தேன்.

கல்யாணத்தில் மணப்பெண்ணின் கையில் அண்ணனோ தம்பியோ பொரி அள்ளிப் போட வேண்டும், அவள் அதை அக்கினியில் இட வேண்டும். அம்மா அவனைத்தான் கேட்டாள். அவன் புது வேட்டியோடு வந்து நின்றான். சொல்லிவிடு என்று எனக்குள் யாரோ கத்தினார்கள், தியேட்டரில் கத்தியவன் மாதிரியே. பொரிக்கு எடை ஏது? ஆனாலும் என் கை தாழ்ந்தது. "பொண்ணோட அண்ணன், இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றார் ஐயர். போட்டான்.

செத்தவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள் என்பார்கள். இவன் உயிரோடு வருவான், வரிசைத் தட்டோடு. பொங்கலுக்கு வருவான், வளைகாப்புக்கு வந்தான். ஒரு தடவையாவது வராமல் இருந்து தொலைக்கக் கூடாதா என்று அவன்மேல் கோபம் வரும். வர நேரமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி அவனுடையதுதான். அவள் வலியில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம், நான் வாழ்க்கைப்பட்ட வேங்கிக்கால் வீட்டில் என் கணவர் டிவி போட்டார். அந்தப் படம். மகள் அவன் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மூன்று பேரும் பார்த்தோம். படத்தில் அந்தப் பெண் மணமேடைக்கு வந்தாள். அவன் குழந்தையை மெதுவாக என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இருங்க மச்சான், முடிவ பாத்துட்டுப் போங்க," என்றார் என் கணவர்.

"நான் பாத்துட்டேன் மாப்ள. ரிலீஸ் ஆன அன்னிக்கே பாத்தேன். அதுக்கப்புறந்தான் தங்கச்சியக் கூட்டினு போனேன்."

என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான். குழந்தையோடு வாசல்வரை போனேன். அப்படியானால் பஸ்ஸில் அவன் கேட்டது படத்தைப் பற்றி இல்லை. பாவி, அதைக் கேட்கக்கூட ஒரு சினிமா வேண்டியிருந்தது இவனுக்கு. உள்ளே டிவியில் அந்தப் பெண் மாலையைக் கழற்றிவிட்டு, மண்டபம் முழுக்கக் கேட்க, உடைந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாகக் கேட்டது. அவன் கேட்டில் கை வைத்தபடி நின்றான்.

"பாத்துப் போங்கண்ணா," என்றேன்.