ராகு காலத்தில் ஒரு பகடைக் கார்டு

எனக்கும் என் அண்ணனுக்கும் மூன்று வருடம் ஓயாமல் நடந்த சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு கார்டு. கையில் பிடிக்கிற கார்டுகூட இல்லை, கம்ப்யூட்டர் திரையில் தெரிகிற கார்டு.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது. ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நாங்கள் இருவரும் ஒரே பெயரில் இணையத்தில் ஒரு கார்டு விளையாட்டு ஆடினோம். நாற்பது கார்டுகளை நாமே தேர்ந்தெடுத்து ஒரு கட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். வீரர்களை இறக்கி எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். "கம்ப்யூட்டர்ல சீட்டாடறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்று அம்மா என்னைக் கேட்காத நாளில்லை.

கட்டில் முப்பத்தொன்பது கார்டுகள் சொன்ன வேலையைச் செய்யும். நாற்பதாவது அண்ணனுடைய செல்லம். பகடைக் கார்டு என்போம். அதைப் போட்டால் திரையில் ஒரு பகடை உருளும். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் எதிராளியின் வீரர்கள் அத்தனை பேரும் காலி. ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் நம் ஆட்கள் காலி. பாதிக்குப் பாதி.

அதை அண்ணன் எப்போது போடுவான் தெரியுமா? ஜெயித்துக்கொண்டிருக்கும்போது. நம் பக்கம் ஐந்து பேர் நிற்பார்கள், அந்தப் பக்கம் ஒருத்தன் நொண்டிக்கொண்டிருப்பான். சும்மா இருந்தாலே அடுத்த முறை கோட்டை விழும். இவன் மவுஸைப் பிடுங்கிப் பகடையை உருட்டுவான். இரண்டு விழும். ஐந்து பேரும் புகையாகப் போவார்கள். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும் எனக்கு.

"ஜெயிக்கிற ஆட்டத்துல எதுக்குண்ணா பகடை?"

"சும்மா பேஜார் பண்ணாத. உன் இஷ்டத்துக்கு ஆடினா பேங்க்ல ஃபார்ம் ஃபில் பண்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் த்ரில் வேணாமா?"

பகடை நன்றாக விழுந்த நாளை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பான். நாசமாய்ப் போன நாளை மறுநாளே மறந்துவிடுவான். மறக்காமல் வைத்திருக்க நான் ஒருத்தி இருந்தேன். "அந்தக் கார்டைக் கட்டிலிருந்து எடு" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய போட்டி. கடைசி எட்டுப் பேருக்குள் வர இன்னும் ஒரே ஆட்டம். அதற்கு முன் மூன்று முறை இந்த இடம்வரை வந்து, மூன்று முறையும் பகடையால் கெட்டோம். ஒருமுறையாவது எட்டுக்குள் வந்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி.

எதிராளி அமெரிக்காக்காரன், நன்றாக ஆடினான். மணி ஐந்து. அவன் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் ஒருவன். அடுத்த முறை எங்கள் கோட்டை விழுவது நிச்சயம். கையில் மிச்சமிருந்தது ஒரே கார்டு. அதே சனியன்.

யோசித்தேன். போடாவிட்டால் கட்டாயம் தோல்வி. போட்டால் பாதி வாய்ப்பு. இழக்க இருப்பது ஒரே ஒருவன். இந்தக் கார்டு இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே செய்யப்பட்டது என்பது மூன்று வருடம் கழித்து அந்த நிமிடத்தில்தான் என் மண்டையில் ஏறியது.

"அண்ணா, பகடையைப் போடு."

அவன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம். இப்பப் போய் பகடையா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! ஜெயிக்கும்போதெல்லாம் நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்காமல் உருட்டியவன்!

"அப்ப ஆட்டமே ஆடியிருக்கக் கூடாது. அவனுக்கும்தானே ராகு காலம்?"

"அவனுக்கு அங்க காலைல. நமக்குத்தான் ராகு காலம்."

ஒரு முறை ஆட ஒரு நிமிடம்தான் நேரம். திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு தேய்ந்து சிவப்பானது. நான் கத்தினேன்: "போடலன்னா நிச்சயமா தோக்கறோம். போட்டா பாதி சான்ஸ். என்னைக்காவது ஒருநாள் நான் சொல்றதைக் கேளேன்!"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மவுஸை என் பக்கம் தள்ளினான். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீயே போடு."

போட்டேன். பகடை உருண்டது. ஒன்று.

ராகு காலம் என்று அவன் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவனோ, மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டான். நான் செய்தது சரி, நடந்தது தப்பு. இதை யாரிடம் போய் நிரூபிப்பது? திட்டியிருந்தாலாவது நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

பெங்களூர் போன முதல் வாரம், ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் கட்டைத் திறந்தேன். நாற்பது கார்டுகள் இருந்தன. பகடையைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு உப்புச்சப்பில்லாத மதில் கார்டு. நல்ல சமயத்துக்கு உதவுகிற ஒரே கார்டை எடுத்துவிட்டானே என்று எரிச்சலோடு வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"அதை எதுக்கு எடுத்தே?"

"நீதானே மூணு வருஷமா எடு எடுன்னு உயிரை வாங்கினே?"

"ஜெயிக்கும்போது போடாதேன்னு சொல்லியிருக்கணும், தப்பா சொல்லிட்டேன். தோக்கும்போது அது வேணும், அண்ணா. திரும்ப வை."

 அவனுக்குப் பின்னால் மோட்டார் ஓடுவது கேட்டது.

"எப்பப் போடணும், எப்பப் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. பக்கத்து நாற்காலில உக்காந்து கத்தறதுக்கு இப்ப யார் இருக்கா?"

மறுநாளே நான் அந்தக் கார்டைத் திரும்ப வைத்தேன். அதற்கு மறுநாள் அவன் எடுத்துவிட்டிருந்தான்.