இஸ்திரி மேசைப் பீடம்

மயிலாப்பூரில் இன்று இஸ்திரி வண்டியைக் கடக்கையில் சூடான துணி வாசனை வந்ததும், கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இப்போது இல்லாத எங்கள் தகர மாதா கோயில் நினைவுக்கு வந்தது. ஸ்டெல்லா அக்கா வாரமெல்லாம் துணி தேய்த்த மேசைதான் ஞாயிறன்று வெள்ளைத்துணி விரித்துப் பூசைப் பீடமாகும். ஃபாதர் குனிந்து அதை முத்தமிடும்போது அவருக்குக் கரிவாசனை அடிக்குமா என்று எனக்கு ஓயாத யோசனை. நான் ஃபாதர் கையால் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்கவிருந்த வாரம், வீடுகளோடு கோயிலையும் இடித்துவிட்டு எங்களை லாரியில் ஏற்ற வந்தார்கள். நன்மையும் போச்சே என்று அழுதேன்.

“இன்னாத்துக்கு அழுவுற? மேசை கீதுல்ல,” என்ற அக்கா, தெருவில் கிடந்த அதன்மேல் பன்னைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். பழகியபடி இடக்கையை வலக்கைமேல் வைத்து நீட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. நன்மையைக் கடிக்கக் கூடாதாமே, லாரி பாலம் தாண்டும்வரை நாக்கிலேயே கரையவிட்டேன்.