எல்லா ஃபைலும் ஏறும் படிவம்

எங்கள் கோயில் கமிட்டிச் செயலாளரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதவில்லை என்று பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. நான் ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கக் கோயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதற்கும் வெப்சைட் நான்தான், இலவசமாக. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில் எங்களில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்ததும் வரிசை கட்டி வரும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். ஓலை எழுத இருவருடைய ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும். சனங்களுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று அதை வீட்டிலிருந்தே ஏற்ற ஒரு படிவம் வைத்தேன். படமும் பி.டி.எஃப்பும் மட்டும் ஏறும். மற்ற எதையும் தள்ளிவிடும்.

வந்தது வினை. ஆளாளுக்கு ஃபோனிலிருந்து என்னென்னவோ வகையில் அனுப்பினார்கள். படிவம் ஏற்கவில்லை. அவர்கள் செயலாளரைக் கூப்பிட்டு வைதார்கள், செயலாளர் என்னைக் கூப்பிட்டு வைதார்.

“கோயிலுக்கு வாரவனை வாசல்லயே நிறுத்தி விசாரிப்பியோ? எல்லாத்தையும் தொறந்து விடு தம்பி.”

“சான்றிதழ்னு சொல்லி எவனாவது புரோகிராமை ஏத்திட்டான்னா சைட்டே அவன் கைக்குப் போயிரும், அண்ணாச்சி.”

“நம்ம கோயிலை எவன்லே சீந்துதான்? எம்புட்டு பேருகிட்ட நான் பேச்சு வாங்குதேன், தெரியுமா?”

போதாக்குறைக்கு, ஃபைலுக்குப் பெண்ணின் பெயரையும் ஊரையும் வைத்து அனுப்பச் சொல்லி அறிவிப்புப் பலகையில் வேறு ஒட்டிவிட்டார். அவருக்குத் தேட வசதியாம்! பத்து நாள் மல்லுக்கட்டினேன். என்ன எழவோ ஆகட்டும் என்று ஒரு நாள் அலுத்துப்போய், ஃபைல் என்ன வகை என்று பார்க்கும் அந்தச் சோதனையை எடுத்துவிட்டேன். ஈஸ்டர் தாண்டியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எந்தப் பாவியோ, இன்றுவரை தெரியாது, சான்றிதழ் என்ற பெயரில் ஒரு புரோகிராமை ஏற்றினான். அது எங்கள் சர்வரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து ஓடியது. மாதா படம் இருந்த முகப்பில் சூதாட்ட விளம்பரம் முளைத்தது. அது கிடக்கட்டும், சரிசெய்ய அரை நாள் வேலை. ஆனால் சான்றிதழ்களை நான் பூட்டி வைத்திருந்த ஃபோல்டரையும் அது ஊர் உலகத்துக்கே திறந்து போட்டிருந்தது. நான் கவனிப்பதற்குள் தேடுபொறி வந்து அத்தனை பெயரையும் பொறுக்கிக்கொண்டு போய்விட்டது. பெண்ணின் பெயரைத் தட்டினால் அவள் சான்றிதழ் வந்து நிற்கும்.

அப்போது வன்னியம்பட்டிப் பெண் ஒருத்திக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் ஆலையில் வேலை பார்ப்பவள். கோயிலில் பார்த்துப் பழக்கம். மாப்பிள்ளையின் சித்தப்பா சும்மா இருக்கமாட்டாமல் அவள் பெயரை ஃபோனில் தட்டியிருக்கிறார். சான்றிதழ் வந்தது. அதன் அடியில் ‘தத்துப்பிள்ளை’ என்று குறிப்பு இருந்தது. அது அவளுக்குத் தெரியும், பங்குச்சாமியாருக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். தன் வீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த வீராதி வீரர் தள்ளிப்போட்டிருந்தார். அவர் வீட்டார் அந்தத் தாளைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் பெண் வீட்டுக்கு ஃபோன் போட்டு, கல்யாணம் வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவர் வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

மூன்றாம் ஞாயிறு சாமியார் ஓலை வாசித்தார். அவள் பெயர் வரவில்லை. எனக்கு முன் பெஞ்சில் செயலாளர் ஒன்றுமே நடக்காத மாதிரி கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். பூசை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இப்ப திருப்தியா அண்ணாச்சி?”

“நான் என்னலே செய்ய? அவிய முன்னாடியே சொல்லியிருக்கணும். மறைச்சா இப்படித்தான் ஆகும்.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. படித்துப் படித்துச் சொன்னேனே, காதில் போட்டுக்கொண்டீரா, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு சாமி கும்பிட வந்துவிட்டீர் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. கத்தக் கத்த எனக்குச் சுகமாகக்கூட இருந்தது.

அவளும் பூசைக்கு வந்திருந்தது எனக்குத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணே, தொறந்து விட்டா இப்படி ஆகும்னு அவருக்குத் தெரியுமா?”

“எம்புட்டோ சொன்னேன் தங்கச்சி, அவரு நம்பலை.”

“உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“பொறவு யாரு தொறந்தது?”

செயலாளர் பக்கம் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டேன். அவள், கூட்டத்துக்கு வெளியே தலைகுனிந்து நின்ற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.