பொட்டு வைத்த விலாங்கு

போன செவ்வாய்க்கிழமை ஒரு மீனைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் சிலிர்த்திருக்கும்.

என் தங்கை மகள் கவிதாவுக்கு விலாங்கு மீன் கணக்கெடுக்கும் வேலை. பூரணாங்குப்பம் உப்பங்கழியில் சாயங்காலம் வலைக் கூண்டுகளை இறக்கி, காலையில் தூக்குவார்கள். சிக்கிய விலாங்கின் தலையில், தோலுக்கடியில் ஒரு துளி சாயம் ஏற்றித் திரும்ப விட்டுவிடுவார்கள். அடுத்த முறை சாயம் உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று பார்த்தால், தண்ணீருக்குள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று கணிக்கலாமாம்.

அவள் தேர்ந்தெடுத்த சாயம் சிவப்பு. படித்த பிள்ளை!

கூண்டு தூக்குபவர் அஞ்சலை. இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைப்பவர். ஒரு வாரமாக அவர் கழியில் கால் வைக்கவில்லை. இறால் இல்லை என்றால் அவர் வீட்டில் அடுப்பு இல்லை. "நீங்க வந்து பேசுங்க மாமா" என்று கவிதா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆட்டுக்குப் பொட்டு வெச்சு வுட்டா, சாமிக்கு நேந்து வுட்டதுன்னு யாரும் கைய வெக்க மாட்டோம்ணே. நானு அந்தப் பொட்டு விலாங்க நாலு வாட்டி புடிச்சிட்டேன். கூண்ட எங்க மாத்தி வெச்சாலும் அதுவேதான் வருது. இன்னா கேக்க வருதுன்னு தெரியல... தண்ணிக்குள்ள கைய வுடவே நடுங்குது" என்றார் அஞ்சலை.

நான் பெரிய பகுத்தறிவுவாதி மாதிரி சிரித்தேன். "வாங்க, இப்பவே பாத்துடுவோம்."

காலை பத்து மணி வெயில். தண்ணீர் அசையவே இல்லை. ஒரு கொக்குகூட இல்லை. அஞ்சலை கரையிலேயே நின்றுகொண்டார்; முந்தின சாயங்காலம் தானே இறக்கி வைத்திருந்த கூண்டுகளைக் கவிதாதான் தூக்கினாள். முதல் கூண்டு காலி. இரண்டாவது காலி. வரிசையாக ஏழும் காலி.

எட்டாவது கூண்டு கரைக்கு அந்தப் பக்கம், தனிக் குட்டையில் இருந்தது. நடுவே இருந்த ஈர மண்ணில் எதுவோ வழுக்கிக்கொண்டு போன தடம்... நேராகக் குட்டைக்கு.

தூக்கினாள். உள்ளே கை நீளத்துக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. தலையில் சிவப்புப் பொட்டு. எங்களையே பார்த்தது — சத்தியமாகப் பார்த்தது. என் பகுத்தறிவு இரண்டடி பின்னால் போனது. கூடவே நானும்.

"பாத்தியாண்ணே?" என்றார் அஞ்சலை.

கவிதா பயப்படவில்லை. ஆனால் முகம் அழுகிற மாதிரி இருந்தது. "ராத்திரி ஈரத்துல கரை ஏறிப் போறது அதுங்க பழக்கம்க்கா. உங்களத் தேடி வரல. பொட்டு இல்லாதது ஒண்ணு சிக்கி எத்தன நாளாச்சு, சொல்லுங்க?"

அஞ்சலை யோசித்தார். "சிக்கவே இல்லியே பாப்பா."

"நான் பொட்டு வெச்சதே இது ஒண்ணுக்குத்தான். வேற இல்லக்கா. இந்தக் கழியில இது ஒண்ணுதான் மிச்சம்னு நெனைக்கிறேன்."

அஞ்சலை புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே தண்ணீரில் இறங்கி, கூண்டைத் திறந்துவிட்டார். "போடி, போ. ஒருத்தரையும் காணோமேன்னு தேடிகினு திரியிறியா?"

அன்று சாயங்காலமே அவர் இறால் துழாவப் போய்விட்டாராம். அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அந்த ஏழு காலிக் கூண்டுகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்கு, அது பேயாகவே இருந்திருந்தால் தேவலை.