ஞானப்பல் பிடுங்கிய வாரத்துச் சந்தை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பாபநாசத்திலிருந்து டவுண் வரைக்கும் நான் தரகு பேசிப் பிடித்துக்கொடுத்த மாடு நிற்காத ஊர் கிடையாது. பேசியே எதிராளியைச் சாய்த்துவிடுவேன்.

அப்பேர்ப்பட்டவனுக்கு அறுபது வயதுக்கு மேல் ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. ஈறைக் கீறி, பல்லை உடைத்தெடுத்து, தையல் போட்டார்கள். மூன்று நாள் பேசக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. ஆறின கஞ்சியும் தயிர்ச்சோறும்தான். கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது.

மறுநாள் செவ்வாய்ச் சந்தை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓர் அம்மாள் பசு வாங்க வருவதாக இருந்தது. போன வருடம் வேறொரு தரகன் பாலில்லாத மாட்டை அவர் தலையில் கட்டியிருந்தான். இந்தத் தடவையும் தவறினால் பால் ஊற்றும் பிழைப்பையே விடவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

"யப்பா, வாயத் தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவ" என்றாள் மகள்.

துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் நாங்கள் விலை பேசுவோம். அதற்கு வாய் எதற்கு? கிளம்பிவிட்டேன்.

ஒரு செவலைப் பசு. பல்லைப் பார்த்தேன், மடியை அமுக்கிப் பார்த்தேன். குறை தெரியவில்லை. துண்டைப் போட்டு வியாபாரியின் விரலைப் பிடித்தேன். விலை படியவில்லை. மற்ற நாளென்றால் சத்தம் போட்டே படியவைத்திருப்பேன். அன்று சும்மா நின்றேன்.

"என்னவே அண்ணாச்சி, வாய்க்குள்ள கொழுக்கட்டையா? ஒண்ணும் பேச மாட்டேங்கீரு?"

வலியில் என் முகம் கோணியது. வியாபாரி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"மூஞ்சிய ஏன்வே சுளிக்கீரு? எவனும் வந்து சொன்னானா? போன ஈத்துல, கன்னு போட்டப்ப, ஒரு காம்பு அடைச்சது நெசந்தான். வைத்தியம் பாத்து இப்பச் சரியாப் போச்சுல்லா!"

கையை உருவிக்கொண்டேன். அந்த அம்மாள் அதற்குள் அந்தப் பக்கம் நின்று பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வியாபாரி சொன்னது காதில் விழவில்லை; மாடு பிடித்துப்போய்விட்டது போல.

"வேண்டாம் தாயி, காம்பு அடைச்ச மாடு" என்று வாயைத் திறந்தேன். ரத்தம் துண்டில் வடிந்தது. மறுபடி தையல், டாக்டரிடம் ஏச்சு.

நான் பேசாமல் நின்றதைச் சந்தையில் என் தந்திரம் என்றார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பேசியிருந்தால் வியாபாரிக்கு வாய் திறக்க இடமே கிடைத்திருக்காது. அந்த மாட்டைத்தான் வாங்கிக்கொடுத்திருப்பேன்.

அடுத்த செவ்வாய் வீக்கம் வற்றியிருந்தது. வேறொரு வியாபாரியை முதலில் பேசவிட்டேன். குறுக்கே பேசாமல் கால் மணி நேரம் தாக்குப்பிடித்தேன். அந்த அம்மாளுக்கு நல்ல கறவையாக அமைந்தது.