குறுக்குக் காற்றும் ஷிம்னாவின் நிக்காஹ்வும்

இருபது நொட். குறுக்கே அடிக்கும் காற்று அந்த வேகத்தைத் தாண்டினால் துணை விமானி ஷிஹான் விமானத்தைத் தரையிறக்கக் கூடாது; கப்டன்தான் இறக்கவேண்டும். கப்டனுக்கு அந்த எல்லை முப்பத்தைந்து நொட். அதற்கு மேல் எவரும் இறக்கக் கூடாது என்பது கம்பனியின் விதி.

ஷிஹானுக்கு வயது முப்பத்தொன்று, கொழும்பு வெள்ளவத்தைக்காரன். இரத்மலானையில் பறக்கப் பழகியபின் வேலை கிடைக்கும்வரை வாப்பாவின் புறக்கோட்டைக் கடையில் திரைச்சீலை வெட்டிக் கொடுத்தான். வாப்பா மௌத்தானதிலிருந்து வீட்டுக்கு ஆண்பிள்ளை அவன்தான். அதனால் அந்த ஜூன் சனிக்கிழமை தங்கை ஷிம்னாவின் நிக்காஹ்வில், வாப்பாவின் இடத்தில் நின்று பெண்ணைக் கொடுக்கும் வொலியும் அவனே. வாப்பாவின் தம்பி புவாத் சாச்சா கொட்டாஞ்சேனையில் இருந்தார். வீட்டுப் பங்குத் தகராறுக்குப் பிறகு உம்மா பைறோஸா அவருக்கு இராச் சாப்பாட்டுக்கு மட்டுமே அழைப்பு அனுப்பியிருந்தார்.

லீவு கிடைக்கவில்லை. ஆனால் டுபாயிலிருந்து நண்பகலுக்கு இறங்கினால், அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். போதிய நேரம் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று விமானத்தை இறக்குவது ஷிஹானின் முறை. கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கும்போது காற்று இருபத்தாறு என்றார்கள். அவன் விமானத்தைக் கப்டன் நாகேந்திரத்திடம் கொடுத்தான்.

"லேட்டாகினா உம்மட அம்மா என்னைத்தான் ஏசுவா," என்றார் நாகேந்திரம்.

வழக்கமான பருவக்காற்று ஓடுபாதைக்கு நேரே வரும். அன்று மழையோடு வடமேற்கிலிருந்து வந்தது. ஓடுபாதை விளக்குகள் தெரிந்துவிட்ட நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காற்றின் புதிய அளவு வந்தது: முப்பத்தெட்டு. நாகேந்திரம் விமானத்தை ஓடுபாதைக்கு நேராகவே பிடித்திருந்தார். விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.

"கோ அரவுண்ட்," என்றான் ஷிஹான்.

எந்த இருக்கையிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். நாகேந்திரம் விமானத்தை மேலே ஏற்றினார். வட்டமிட்டுக் காத்திருந்தும் காற்று அடங்கவில்லை. எரிபொருள் குறையவே தெற்கே மத்தளை விமான நிலையத்துக்குப் போய் இறங்கினார்கள்.

எஞ்சினை நிறுத்திய பிறகு நாகேந்திரம் சொன்னார்: "நீர் சொல்லாட்டி நான் இறக்கியிருப்பன்."

"ஓம் சேர். தெரியும்."

கட்டுநாயக்கவில் காற்று எப்போது தணியும் என்று யாருக்கும் தெரியவில்லை. பயணிகளை விட்டுவிட்டு ஷிஹான் வாகனத்தில் கிளம்பவும் முடியாது. அவர்களைத் திருப்பிக் கொண்டுபோகவேண்டியவன் அவன். வீட்டுக்கு அழைத்தான். பதிவாளருக்கு ஐந்து மணிக்குத் தெஹிவளையில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. உம்மா அழுதுகொண்டே, நாளைக்கு வைக்கலாம் என்றார். போனை ஷிம்னா வாங்கினாள்.

"நானா, சாச்சாவ நிக்கச் சொல்லுங்க. உம்மா கேக்க மாட்டா. நீங்கதான் கேக்கணும்."

புவாத்தின் இலக்கத்தை அவன் இரண்டு வருடமாக அழைத்ததில்லை. அவர் உடனே எடுத்தார். காற்றால் மத்தளையில் மாட்டிக்கொண்டதைச் சொல்லி, தன் சார்பில் நின்று தங்கையைக் கொடுக்கும்படி ஷிஹான் கேட்டான்.

"காத்து அடிச்சாத்தான் எனக்கு கோல் வரும் போல," என்றார் புவாத். பிறகு, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

காலி வீதி நெரிசலில் முச்சக்கர வண்டியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் புவாத். பதிவாளரின் காதுபட ஷிஹான் போனில் பொறுப்பை அவருக்குக் கொடுக்க, நிக்காஹ் முடிந்தது.

விமானம் கட்டுநாயக்கவுக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. காற்று பன்னிரண்டு, ஷிஹான்தான் இறக்கினான். சீருடையோடு வெள்ளவத்தை வந்தபோது சாப்பாடு முடிந்திருந்தது. உம்மா எடுத்துவைத்த சஹனில், ஒரே பெரிய தட்டில், அவனும் புவாத் சாச்சாவும் உட்கார்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவனுக்குச் சென்னைப் பயணம். அதிலும் கப்டன் நாகேந்திரம்தான்.